அறிக்கையில் ஒரு வரி: ஹார்மோன் ஏற்பியின் ஆயுள்

நாகர்கோவிலிலிருந்து வரும் காலை ரயில் தம்பானூரில் உள்ள திருவனந்தபுரம் மத்திய நிலையத்தில் நிற்கும்போது, இறங்குகிற கூட்டத்தில் அலுவலகம் செல்வோரும் மாணவர்களும் மட்டும் இருப்பதில்லை. மார்போடு அணைத்த தடித்த மருத்துவக் கோப்புடன் சிலர் மெல்ல நடந்து வெளியே வருகிறார்கள். கன்னியாகுமரி, திருநெல்வேலி, தூத்துக்குடி மாவட்டங்களிலிருந்து வருபவர்கள் அவர்கள். எதிரே உள்ள பேருந்து நிலையத்தைக் கடந்து, மருத்துவக் கல்லூரி வளாகத்தில் 1981-இல் நிறுவப்பட்ட மண்டலப் புற்றுநோய் மையத்துக்கு அவர்கள் செல்ல வேண்டும். கன்னியாகுமரி மாவட்டம் 1956-இல் தமிழ்நாட்டுடன் இணைந்துவிட்ட போதிலும், பெரிய வைத்தியத்துக்குத் திருவனந்தபுரம் என்ற பழைய வழக்கம் தென்கோடி மக்களிடம் இன்றும் மாறவில்லை. அவர்களுள் நம் வங்கியின் வாடிக்கையாளர்கள் பலர்.

மார்பகப் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெறுபவரின் கோப்பைத் திறந்தால், நோய்க்குறியியல் அறிக்கையின் இறுதியில் 'ஈ.ஆர்., பி.ஆர்.' என்ற இரண்டு சுருக்கெழுத்துகளும், அவற்றின் எதிரே 'பாசிட்டிவ்' அல்லது 'நெகட்டிவ்' என்ற சொல்லும் இருக்கும். அடுத்த 5 அல்லது 10 ஆண்டுகளுக்கு அந்நோயாளி எந்த மருந்தை உட்கொள்வார் என்பதை நிர்ணயிப்பதில் இந்த வரிக்குப் பெரும் பங்கு உண்டு. உலகச் சுகாதார நிறுவனத்தைச் சார்ந்த பன்னாட்டுப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமையின் மதிப்பீட்டின்படி, 2022-ஆம் ஆண்டில் மட்டும் இந்தியாவில் சுமார் 1,92,000 பெண்களுக்கு மார்பகப் புற்றுநோய் புதிதாகக் கண்டறியப்பட்டது. சுமார் 98,000 பேர் அதனால் உயிரிழந்தனர். ஆகவே அந்த ஒரு வரி எதைக் கூறுகிறது என்பதை ஒவ்வொரு குடும்பமும் அறிந்திருப்பது நன்று.

ஏற்பி என்பது யாது?

ஈஸ்ட்ரோஜன் என்னும் ஹார்மோன் இரத்தத்தில் கலந்து உடலெங்கும் செல்கிறது. எனினும் எல்லா உறுப்புகளும் அதற்குச் செவிசாய்ப்பதில்லை. கருப்பையும் மார்பகமும் அதைப் பற்றிக்கொள்கின்றன. வேறு பல திசுக்கள் விட்டுவிடுகின்றன. இந்த வேறுபாட்டின் காரணத்தை 1950-களின் இறுதியில் சிகாகோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எல்வுட் ஜென்சன் கண்டறிந்தார். கதிரியக்கக் குறியிட்ட ஈஸ்ட்ரோஜனை எலிகளுக்குச் செலுத்தி, அது எங்கே தங்குகிறது என்று அவர் தொடர்ந்து பார்த்தார். ஹார்மோனைப் பிடித்து வைத்துக்கொள்ளும் ஒரு புரதம் குறிப்பிட்ட செல்களில் மட்டும் இருப்பது தெரியவந்தது. அதுவே ஈஸ்ட்ரோஜன் ஏற்பி. அறிக்கையில் உள்ள 'ஈ.ஆர்.' அதையே குறிக்கிறது.

இந்த ஆய்வு வரலாற்றில் ஒரு தமிழ்ப் பெண்மணிக்கும் இடமுண்டு. மன்னார்குடிக்கு அருகிலுள்ள துளசேந்திரபுரத்தைப் பூர்விகமாகக் கொண்ட குடும்பத்தில் பிறந்த சியாமளா கோபாலன், 19 வயதில் தனியாகக் கடல் கடந்து கலிபோர்னியாவின் பெர்க்கிலி பல்கலைக்கழகத்துக்குச் சென்று ஆய்வுப் பட்டம் பெற்றார். 1969-இல் ஜாக் கோர்ஸ்கியுடன் இணைந்து, எலியின் கருப்பைச் செல்களில் உட்கருவுக்கு வெளியிலும் உள்ளேயும் காணப்படும் ஈஸ்ட்ரோஜன் ஏற்பிகளுக்கு இடையிலான உறவை ஆராய்ந்து கட்டுரை வெளியிட்டார். பின்னர் மார்பகத் திசுவில் புரோஜெஸ்ட்ரோன் என்னும் மற்றொரு ஹார்மோனின் ஏற்பியை ஆராய்வதிலேயே பல்லாண்டுகள் ஈடுபட்டார். அமெரிக்காவின் முன்னாள் துணைக் குடியரசுத் தலைவர் கமலா ஹாரிஸின் தாய் என்றே பலர் அவரை அறிவர். அறிக்கையில் உள்ள 'பி.ஆர்.' என்ற இரண்டெழுத்தோடும் அவருடைய உழைப்புக்குத் தொடர்புண்டு.

ஈஸ்ட்ரோஜன் ஏற்பி 595 அமினோ அமிலங்களால் ஆன புரதம். ஹார்மோன் அதன் குழிவில் வந்து பொருந்தியதும் அதன் வடிவம் மாறுகிறது. இரண்டு ஏற்பிகள் இணைந்து மரபுநூலான டி.என்.ஏ.யின் மீது அமர்ந்து, செல் பெருகுவதற்கான மரபணுக்களை இயக்குகின்றன. புரோஜெஸ்ட்ரோன் ஏற்பியை உருவாக்கும் மரபணுவும் அவற்றுள் ஒன்று. ஆகவே அறிக்கையில் 'பி.ஆர்.' பாசிட்டிவ் என்றிருந்தால், ஈஸ்ட்ரோஜன் ஏற்பி அங்கே வெறுமனே இருக்கவில்லை, பணியும் செய்கிறது என்று பெரும்பாலும் கொள்ளலாம்.

இயல்பான மார்பகத்தில் இந்தக் கட்டளை அளவோடு நிகழ்கிறது. ஈ.ஆர். பாசிட்டிவ் புற்றுநோயிலோ, செல்கள் இதே கட்டளையைத் தம் வளர்ச்சிக்குப் பற்றுக்கோடாகக் கொண்டுவிடுகின்றன.

செல்லினுள் ஒரு நோட்டு அழிப்புக் கூடம்

ஏற்பி ஒருமுறை உருவானால் நிலைத்து நிற்கும் பொருளன்று. ஆய்வுக்கூடத்தில் வளர்க்கப்படும் மார்பகப் புற்றுநோய்ச் செல்களை அளந்து பார்த்தவர்கள், அவற்றிலுள்ள ஏற்பிகளில் ஏறத்தாழப் பாதி சுமார் 3 முதல் 5 மணி நேரத்துக்குள் அழிந்துவிடுவதைக் கண்டனர். அழிந்தவற்றின் இடத்தில் புதியவை உருவாகிக்கொண்டே இருக்கின்றன.

வங்கி வாடிக்கையாளர்களுக்கு இது புதிய ஏற்பாடன்று. கிளைகளில் சேரும் அழுக்கடைந்த, கிழிந்த நோட்டுகள் பிரிக்கப்பட்டு ரிசர்வ் வங்கிக்குச் செல்கின்றன. தம்பானூருக்குச் சற்றுத் தொலைவில் பேக்கரி சந்திப்பில் அதன் திருவனந்தபுரம் அலுவலகம் உள்ளது. அங்கே இயந்திரங்கள் ஒவ்வொரு நோட்டையும் சோதித்து, புழக்கத்துக்குத் தகாதவற்றைத் துணுக்குகளாக்கிவிடுகின்றன. புதிய நோட்டுகள் புழக்கத்துக்கு வருகின்றன. புழக்கத்திலுள்ள பணத்தின் அளவும் தரமும் அச்சிடுவதால் மட்டுமல்லாமல், முறைப்படி அழிப்பதாலும் காக்கப்படுகின்றன.

செல்லிலும் அழிப்புக்கு முன்னால் அடையாளமிடுதல் உண்டு. யூபிக்விட்டின் என்பது 76 அமினோ அமிலங்களே கொண்ட சிறு புரதம். அழிக்கப்பட வேண்டிய புரதத்தின் மீது இது ஒட்டப்படுகிறது. இப்பணியில் மூவகை நொதிகள் வரிசையாக ஈடுபடுகின்றன. முதலாவது யூபிக்விட்டினைச் செயலுக்கு ஆயத்தமாக்கும்; இரண்டாவது அதை ஏந்திச் செல்லும்; மூன்றாவது, எந்தப் புரதத்தில் ஒட்ட வேண்டும் என்று இனங்காணும். மனிதச் செல்லில் மூன்றாம் வகை நொதிகள் மட்டும் ஏறத்தாழ 600 உள்ளன. காசாளர் நோட்டைத் தடவிப் பார்த்துப் பிரிப்பதைப் போல, ஒவ்வொன்றும் தனக்குரிய புரதங்களை அறிந்து பிரிக்கிறது. யூபிக்விட்டின் ஒன்றன்மேல் ஒன்றாகச் சங்கிலி போலச் சேர்ந்ததும், புரோட்டியாசோம் என்னும் பீப்பாய் வடிவக் கூடம் அப்புரதத்தை உள்ளிழுத்து, முறுக்கவிழ்த்து, சிறு துண்டுகளாக வெட்டுகிறது. ஒட்டிய யூபிக்விட்டின் மட்டும் கழற்றப்பட்டு மறுபடி பயன்படுகிறது. இம்முறையை வெளிப்படுத்தியதற்காக ஆரோன் சீக்கனோவர், அவ்ராம் ஹெர்ஷ்கோ, இர்வின் ரோஸ் ஆகிய மூவருக்கும் 2004-ஆம் ஆண்டின் வேதியியல் நோபல் பரிசு வழங்கப்பட்டது.

துண்டுகளும் வீணாவதில்லை. 2016-இல் செல்லாதவையாக அறிவிக்கப்பட்ட நோட்டுகள் திருவனந்தபுரத்தில் துணுக்குகளாக்கப்பட்டு, கண்ணூரிலுள்ள ஒரு பலகை ஆலையில் மரக்கூழோடு கலந்து பலகைகளாயின. அதுபோலவே, ஏற்பியின் துண்டுகள் அமினோ அமிலங்களாகப் பிரிந்து வேறு புரதங்களுக்கு மூலப்பொருளாகின்றன.

உழைக்கும் ஏற்பியே அழிகிறது

ஈஸ்ட்ரோஜன் ஏற்பியும் இந்தப் புரோட்டியாசோம் வழியாகவே அழிகிறது என்பதை ஜாஃபர் நவாஸ், டேவிட் லோனார்ட், பெர்ட் ஓமாலி முதலியோர் 1999-இல் காட்டினர். வேலையின்றி இருக்கும் ஏற்பியைத் துணைப் புரதங்கள் தாங்கிப் பிடித்து, குலைந்துவிடாமல் காக்கின்றன. அத்தாங்குதல் நழுவினால், குலைந்த ஏற்பியை அடையாளம் காணும் நொதிகள் அதன்மேல் யூபிக்விட்டினை ஒட்டிவிடும். ஒட்டியதைக் கழற்றும் நொதிகளும் செல்லில் உண்டு. ஒட்டுவதற்கும் கழற்றுவதற்கும் இடையிலான சமநிலையே எத்தனை ஏற்பிகள் எஞ்சும் என்பதை முடிவு செய்கிறது.

ஹார்மோன் வந்து பொருந்திய ஏற்பிக்கு நேர்வது வியப்புக்குரியது. அது மரபணுவை இயக்கத் தொடங்குகிற அதே வேளையில், அதன் அழிவும் விரைவுபடுகிறது. அழிப்பதைத் தடுத்துவிட்டால் ஏற்பிகள் மிகுந்து வேலையும் மிகும் என்றே எவரும் எதிர்பார்ப்பர். புரோட்டியாசோமின் இயக்கத்தை மருந்தால் தடுத்துப் பார்த்தபோது ஏற்பிகள் மிகுந்தன. ஆனால் அவை இயக்கும் மரபணுக்களின் செயல்பாடு குறைந்தது. பணி முடித்த ஏற்பி விலகினால்தான் அடுத்தது வந்து அமர இடமுண்டாகும் என்பது இதற்குக் கூறப்படும் விளக்கம். அழிப்பு என்பது ஏற்பி செய்யும் வேலையின் ஒரு பகுதி என்பதை இதனால் அறிகிறோம். எண்ணிக்கையை மட்டும் பார்த்து ஏற்பியின் வலிமையைக் கணக்கிட முடியாது என்பதும் விளங்குகிறது.

மூன்று மருந்துகள், மூன்று வழிகள்

மருத்துவமனையின் காத்திருப்புக் கூடத்தில் அருகருகே அமர்ந்திருக்கும் இருவர், 'எனக்கு மாத்திரை, உங்களுக்கு ஏன் ஊசி?' என்று கேட்டுக்கொள்வது வழக்கம். விடை, ஏற்பியை மருந்து எவ்வழியில் அணுகுகிறது என்பதில் இருக்கிறது.

முதல் வழி, ஏற்பியின் குழிவை அடைத்துவிடுவது. 1962-இல் இங்கிலாந்தின் ஐ.சி.ஐ. நிறுவனத்தில் டோரா ரிச்சர்ட்சன் உருவாக்கிய தமாக்சிஃபென் இவ்வகையைச் சேர்ந்தது. ஈஸ்ட்ரோஜனுக்குரிய இடத்தில் இது அமர்ந்துகொள்வதால், மார்பகச் செல்லில் ஏற்பி தன் பணியைச் செய்ய இயலாமல் போகிறது. இம்மருந்து ஏற்பியை அழிப்பதில்லை. மாறாக, அழிவிலிருந்து காத்து அதன் எண்ணிக்கையைக் கூட்டவும் செய்கிறது. ஆனால் அவை செயலற்ற ஏற்பிகள். 5 ஆண்டுகள் தமாக்சிஃபென் உட்கொண்ட ஈ.ஆர். பாசிட்டிவ் நோயாளிகளிடையே, மார்பகப் புற்றுநோயால் நேரும் மரணம் முதல் 15 ஆண்டுகளில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைந்ததைப் பல ஆய்வுகளின் தொகுப்பு 2011-இல் உறுதிப்படுத்தியது. இந்தியாவின் இன்றியமையா மருந்துகள் பட்டியலில் இது இடம்பெற்றுள்ளது.

இரண்டாம் வழி, ஈஸ்ட்ரோஜன் உற்பத்தியையே குறைப்பது. மாதவிடாய் நின்ற பெண்களின் உடலில் அரோமடேஸ் என்னும் நொதி ஈஸ்ட்ரோஜனை உண்டாக்குகிறது. லெட்ரோசோல், அனஸ்ட்ரோசோல் போன்ற மாத்திரைகள் அந்நொதியைத் தடுக்கின்றன.

மூன்றாம் வழியே நம் பொருளுக்கு மிக நெருக்கமானது: ஏற்பியை அழிப்புக் கூடத்துக்கே அனுப்பிவிடுவது. 2002-இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற ஃபுல்வெஸ்ட்ரன்ட், நீண்ட வால் போன்ற பகுதியுடன் ஏற்பியில் பொருந்துகிறது. அதனால் ஏற்பியின் வடிவம் குலைகிறது. குலைந்த புரதத்தைக் கண்ட செல், தன் வழக்கப்படி யூபிக்விட்டினை ஒட்டி அதைப் புரோட்டியாசோமுக்கு அனுப்புகிறது. செல்லின் சொந்த விதியையே மருந்து பயன்படுத்திக்கொள்கிறது. வாய்வழியாக உட்கொண்டால் இது உடலில் போதிய அளவு சேராது. ஆகவே பிட்டத் தசையில் ஊசியாகச் செலுத்தப்படுகிறது. தொடக்கத்தில் இரு வாரத்துக்கு ஒருமுறையும், பின்னர் மாதந்தோறும் இது தரப்படுகிறது.

ஏன் இத்தனை வழிகள்? நோயும் மாற்றுவழி தேடுகிறது என்பதே காரணம். முற்றிய நோய்க்கு அரோமடேஸ் தடுப்பு மாத்திரைகளை நெடுங்காலம் உட்கொண்ட சிலரின் புற்றுநோய்ச் செல்களில், ஏற்பியின் மரபணுவில் பிறழ்வு தோன்றுகிறது. அத்தகைய ஏற்பி ஈஸ்ட்ரோஜன் இல்லாமலே எப்போதும் இயங்கும் வடிவத்தில் நிற்கிறது. ஹார்மோனைக் குறைப்பதால் அதற்கு எதுவும் நேர்வதில்லை. ஏற்பியையே அகற்ற வேண்டியிருக்கிறது. இப்பிறழ்வு உள்ளவர்களுக்கென, ஏற்பியை அழிக்கும் மாத்திரையான எலாசெஸ்ட்ரன்ட் 2023 ஜனவரியில் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. ஒரு முனையால் ஏற்பியையும் மறுமுனையால் யூபிக்விட்டின் ஒட்டும் நொதியையும் பிடித்து இரண்டையும் அருகருகே கொண்டுவரும் இருமுனை மருந்துகளும் உருவாக்கப்பட்டு வருகின்றன.

அறுவைக்குப் பின் ஒரு மணி நேரம்

செல்லும் மருந்தும் ஏற்பியை அழிப்பதைக் கண்டோம். நம் கவனக்குறைவாலும் அது அழியக்கூடும். குடும்பத்தினர் அறிந்து தடுக்கக்கூடிய அழிவு இது ஒன்றே.

உடலிலிருந்து வெட்டியெடுக்கப்பட்ட கட்டிக்கு இரத்தம் கிடைப்பதில்லை. அதிலுள்ள புரதங்கள் மெல்லச் சிதையத் தொடங்குகின்றன. அச்சிதைவை நிறுத்துவது ஃபார்மலின் கரைசல். வெட்டியெடுத்த 1 மணி நேரத்துக்குள் திசு ஃபார்மலினில் இடப்பட வேண்டும். 6 மணி நேரத்துக்குக் குறையாமலும் 72 மணி நேரத்துக்கு மிகாமலும் அதில் இருக்க வேண்டும் என்பது பன்னாட்டு வழிகாட்டுதல். பெரிய கட்டியின் உட்பகுதிக்குக் கரைசல் எளிதில் ஊடுருவாது. ஆதலால் அதைத் துண்டாகக் கீறி வைப்பார்கள்.

தாமதமாகக் கரைசலில் இடப்பட்ட திசுவில் ஏற்பி இருந்தும் காணாமல் போகலாம். அப்போது அறிக்கை 'நெகட்டிவ்' என்று வரும். பயன் தரக்கூடிய மாத்திரை அந்நோயாளிக்குக் கிடைக்காமலே போய்விடும். பரிசோதிக்கப்படும் செல்களில் 1 விழுக்காடு சாயம் ஏற்றாலே 'பாசிட்டிவ்' எனக் கொள்வது இன்றைய வழக்கம் என்பதை எண்ணினால், சிறு சிதைவும் எவ்வளவு முக்கியமானது என்பது விளங்கும்.

சிற்றூர்களில் அறுவை முடிந்ததும் கட்டியை டப்பாவில் இட்டு உறவினர் கையில் கொடுத்து நகரத்து ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பும் வழக்கம் இன்னும் உள்ளது. அப்பொறுப்பை ஏற்பவர்கள் மூன்று செய்திகளைக் கேட்டு உறுதிசெய்துகொள்ள வேண்டும். திசு வெறும் நீரிலோ உப்புநீரிலோ இல்லாமல் ஃபார்மலினில், அதுவும் திசுவைப் போல ஏறத்தாழ 10 மடங்கு கரைசலில், மூழ்கியிருக்கிறதா? அறுவை முடிந்த நேரமும் கரைசலில் இட்ட நேரமும் டப்பாவின் மேல் எழுதப்பட்டுள்ளனவா? கட்டி பெரிதாயின் கீறப்பட்டுள்ளதா? இவற்றைக் கேட்பதால் மருத்துவர் மனம் வருந்துவாரோ என்று தயங்க வேண்டியதில்லை.

கோப்பில் இருக்க வேண்டியவை

முதலாவதாக, ஏற்பிச் சோதனை அறிக்கையின் படியைத் தனியே வைத்திருங்கள். திசுவைப் பதித்து வைத்த மெழுகுக் கட்டியை ஆய்வுக்கூடத்திடமிருந்து கேட்டுப் பெறலாம். வேறு மருத்துவமனையில் மறுசோதனை தேவைப்பட்டால் அது உதவும். ஒரே துண்டில் இயல்பான மார்பகச் செல்களும் சேர்ந்திருப்பதுண்டு. அவையும் சாயம் ஏற்காவிடில் அந்த 'நெகட்டிவ்' முடிவு ஐயத்துக்குரியது. மறுசோதனை செய்யலாமா என்று மருத்துவரிடம் கேளுங்கள்.

இரண்டாவதாக, மாத்திரையை நீங்களாகவே நிறுத்தாதீர்கள். அறுவையும் கதிர்வீச்சும் முடிந்து, உடலில் எந்தத் துன்பமும் இல்லாத நிலையில் ஆண்டுக்கணக்கில் நாள்தோறும் ஒரு மாத்திரை என்பது பலருக்கும் சலிப்பைத் தருகிறது. ஆனால் ஏற்பி சில மணி நேரத்துக்கொருமுறை புதிதாகப் பிறந்துகொண்டே இருக்கிறது என்பதை இப்போது அறிவோம். நேற்றைய மாத்திரை நேற்றைய ஏற்பிகளை அடைத்தது. இன்று பிறப்பவற்றை அடைக்க மருந்து உடலில் தொடர்ந்து இருந்தாக வேண்டும். வெப்பம் பாய்தல், மூட்டுவலி போன்ற தொல்லைகள் இருந்தால் மருத்துவரிடம் கூறுங்கள். மாற்று ஏற்பாடுகள் உண்டு.

மூன்றாவதாக, நோய் மீண்டும் வேறிடத்தில் தோன்றினால், அங்கிருந்து புதிதாகத் திசு எடுத்துச் சோதிக்கப் பரிந்துரைத்தால் மறுக்காதீர்கள். ஏற்பியின் நிலை காலப்போக்கில் மாறக்கூடும்; பழைய அறிக்கை புதிய கட்டிக்குப் பொருந்தாமல் போகலாம்.

எல்லாவற்றுக்கும் முன்னால், நோயைத் தொடக்கத்திலேயே காண்பது நன்று. இதற்கும் திருவனந்தபுரம் மாவட்டமே சான்று தருகிறது. 2006-இல் இங்கே தொடங்கிய ஆய்வில், 30 முதல் 69 வயது வரையுள்ள 1,15,652 பெண்கள் 275 பகுதிகளாகப் பிரிக்கப்பட்டனர். ஒரு பிரிவினருக்குப் பயிற்சி பெற்ற சுகாதாரப் பணியாளர்கள் மார்பகங்களைக் கையால் தொட்டுச் சோதித்தனர். 2011-இல் வெளியான முதற்கட்ட முடிவின்படி, தொடக்க நிலையிலேயே கண்டறியப்பட்ட புற்றுநோய்கள் அப்பிரிவில் இலட்சம் பெண்களுக்கு 18.8, சோதிக்கப்படாத பிரிவில் 8.1. விலையுயர்ந்த கருவி ஏதுமின்றிப் பழகிய கைகளால் செய்த வேலை அது.

மாலையில் தம்பானூர் நிலையத்தில் நாகர்கோவில் செல்லும் ரயிலுக்காகக் காத்திருப்பவர்களிடையே காலையில் கண்ட அதே கோப்புகள் மீண்டும் தென்படும். அவற்றுள் ஒன்று நம் வீட்டைச் சேர்ந்ததாயின், ஊர் திரும்பும் முன் அந்த ஒரு வரியை எடுத்துப் படித்துப் பார்ப்போம். விளங்காத இடத்தில் கோடிட்டு வைத்து, அடுத்த முறை மருத்துவரைக் காணும்போது அதைக் கேட்டுத் தெரிந்துகொள்வோம்.